போட்டித் தடை ஒப்பந்தம்: வழக்குக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

‘பணியிலிருந்து விலகிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, நேரடியாகவோ மறைமுகமாகவோ, உலகின் எந்தப் பகுதியிலும், நிறுவனத்துக்குப் போட்டியான எந்தத் தொழிலிலும் ஈடுபட மாட்டேன்.’ இப்படி ஒரு ஷரத்தைப் பணி நியமனக் கடிதத்தில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கும் முதலாளிகள் ஏராளம். அதைப் படித்துவிட்டு, தேடி வந்த நல்ல வேலையைக் கைவிடும் ஊழியர்களும் ஏராளம். இருவருமே அந்த வாக்கியத்துக்கு இல்லாத பலத்தை அதற்குத் தருகிறார்கள். ஷரத்து எவ்வளவு கடுமையோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைவிட்டவை.

இத்தகைய ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கு வரும்போது நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை வைத்து எதைக் காக்கிறீர்கள்? வணிக ரகசியம் என்றால் எந்த ரகசியம்? வாடிக்கையாளர் உறவு என்றால் எந்த வாடிக்கையாளர்கள்? அவர்களோடு இந்த ஊழியர் நேரில் பழகினாரா? போட்டியே வேண்டாம் என்பது காக்கத்தக்க நலன் ஆகாது. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வளர்த்துக்கொண்ட திறமையும் அனுபவமும் அவருக்கே சொந்தம் என்பதை 1916-லேயே ஹெர்பர்ட் மோரிஸ் வழக்கில் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தெளிவாக்கி, ஒரு பொறியாளர்மீது போட்ட ஏழு ஆண்டுத் தடையை ஏற்க மறுத்தது. நூறாண்டுக்கு மேல் ஆகியும், வாதியின் மனுவில் ‘எங்களிடம் கற்றுக்கொண்டு போய்விட்டார்’ என்ற புலம்பலைத் தவிர வேறொன்றும் இல்லாத வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

தொழிலை விற்றவரின் கதை வேறு. பிரிட்டனில் 1894-ல் தீர்ப்பான நார்டன்ஃபெல்ட் வழக்கில், ஆயுதத் தொழிலை விற்றுவிட்ட ஒருவர்மீது உலகம் முழுவதற்குமான 25 ஆண்டுத் தடை செல்லும் என்றார்கள். பீரங்கி வாங்குபவை அரசுகள். அவை உலகெங்கும் இருக்கின்றன. விற்றவரும் நல்ல விலை பெற்றே விற்றிருந்தார். அதே ஒப்பந்தத்தில், வாங்கிய நிறுவனம் செய்யும் எந்தத் தொழிலிலும் போட்டியிடக் கூடாது என்றிருந்த பகுதி மட்டும் நிற்கவில்லை. விற்பவருக்கு எழுதிய ஷரத்தை எடுத்து மாதச் சம்பளக்காரரின் கடிதத்தில் ஒட்டுவது பெரிய தவறு.

எல்லை தாண்டி வரும் நகல்

அதைவிடப் பெரியது, இன்னொரு நாட்டின் ஒப்பந்த மாதிரியை இறக்கிக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவது. சட்டத்தின் இந்த மூலையில் நாட்டுக்கு நாடு இடைவெளி அதிகம். இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது; தொழிலின் நற்பெயரை விற்றவருக்கு மட்டுமே அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பணிக்காலத்துக்குள் இன்னோர் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற தடையை 1967-ல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பணி முடிந்த பிறகும் நீளும் தடைக்கு அந்த ஆதரவு இல்லை. ஜெர்மனியில் தடை இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது; அந்தக் காலம் முழுவதும், ஊழியர் கடைசியாகப் பெற்றதில் குறைந்தது பாதியை நிறுவனம் கொடுத்துவர வேண்டும். இழப்பீட்டைப் பற்றிப் பேசாத ஷரத்து அங்கே வெற்றுத்தாள். கலிபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், செல்லாத தடையை ஊழியரோடு ஒப்பந்தமாகப் போடுவதே சட்ட மீறல். வேறு மாநிலத்தில் கையெழுத்தானது என்று சொல்லியும் தப்ப முடியாது. ‘இந்த ஒப்பந்தத்துக்கு இன்ன நாட்டுச் சட்டமே பொருந்தும்’ என்று ஒரு வரி எழுதினால் இதையெல்லாம் கடந்துவிடலாம் என்ற எண்ணம் பல இடங்களில் ஏமாற்றத்தில் முடிந்திருக்கிறது.

பாதிச் செய்தியை நம்புவதும் இதே வகைதான். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நாடு முழுவதும் போட்டித் தடை ஒப்பந்தங்களை ஒழிக்கும் விதியை அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேல்முறையீட்டையும் ஆணையம் 2025 செப்டம்பரில் கைவிட்டது. முதல் செய்தியை மட்டும் படித்துவிட்டு ‘இனி எதுவும் செல்லாது’ என்று வேலை மாறியவர், தன் மாநிலத்தின் சட்டத்தைப் பார்க்க மறந்திருப்பார்.

ஒரு சொல், ஒரு மடிக்கணினி

வரைவில் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு, 2019-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஈகான் ஸெண்டர் வழக்கைப் பார்க்கலாம். விலகிய நிர்வாகி ஆறு மாதங்களுக்குப் போட்டி நிறுவனத்தில் ஈடுபடவோ, பணிபுரியவோ, ‘அக்கறை கொண்டிருக்கவோ’ (ஆங்கிலத்தில் interested) கூடாது என்பது ஷரத்து. அந்தக் கடைசிச் சொல், போட்டி நிறுவனத்தில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பதையும் தடுக்கும் என்று நிர்வாகியின் தரப்பு வாதாடியது. நீதிமன்றமும் ஆம் என்றது. பின்பு அந்தச் சொல்லை வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்றியது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது ஆறு மாதத் தடை முடிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவசியமில்லாத ஒரு சொல்லுக்காக வழக்கு மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கியது. இதில் இன்னொன்று: அதிகப்படியான சொல்லை வெட்டித் தரும் வழக்கம் எல்லா நாட்டு நீதிமன்றங்களுக்கும் கிடையாது. சில இடங்களில் அது முழு ஷரத்தையும் கவிழ்த்துவிடும்.

காலதாமதம்தான் அமலாக்கும் தரப்பின் மிகக் கொடிய எதிரி. இடைக்காலத் தடை உத்தரவு கேட்பவர், காத்திருந்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு வரும் என்று சொல்லியாக வேண்டும். அதை, ஊழியர் எதிர் நிறுவனத்தில் சேர்ந்தது தெரிந்து நான்கு மாதம் கழித்து வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? ‘முதலில் பேசிப் பார்ப்போம்’ என்பது நல்ல மனதுதான். ஆனால் பேச்சு நடக்கும்போதே வக்கீல் நோட்டீஸும் மனுவும் தயாராக வேண்டும்.

அந்தத் தாமதத்துக்குள்தான் சாட்சியமும் அழிகிறது. விலகுபவர் மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் காலை கணினிப் பிரிவு ஊழியர், தன் வழக்கமான கடமையாக, அதைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுக்கிறார். கடைசி வாரத்தில் எந்த பென் டிரைவ் செருகப்பட்டது, விலைப்பட்டியல் கோப்பு எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, எது சொந்த மின்னஞ்சலுக்குப் போனது என்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்குள் இருந்தது. ‘தகவல் திருடப்பட்டது’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதும் நாளில் கையில் சந்தேகம் மட்டுமே மிஞ்சும். முக்கியப் பொறுப்பில் இருந்தவரின் கருவியைத் திறந்து தேடக்கூட வேண்டாம். தேடினால் கோப்புகளின் தேதிகள் மாறும். உறையிலிட்டுப் பூட்டிவைத்து, தடயவியல் நகல் எடுப்பவரை அழைப்பதே சரி.

நிறுவனத்தின் சொந்த நடத்தையும் தராசில் ஏறும். பிரிட்டனில் 1909-ல் ஜெனரல் பில்போஸ்டிங் வழக்கில், ஊழியரை முறைகேடாகப் பணிநீக்கிய நிறுவனம் அவர்மீது போட்டித் தடையை நிலைநாட்ட முடியாது என்று தீர்ப்பானது. கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தடை உத்தரவு கேட்கப் போவது, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே குறிப்பெழுதிக் கொடுப்பதற்குச் சமம். முன்பு மூன்று பேரைப் போகவிட்டு நான்காமவரை மட்டும் துரத்தினாலும், ஏன் என்ற கேள்வி வரும். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ‘இவர் ஒப்பந்தத்தை மீறிய மோசடிக்காரர்’ என்று கடிதம் அனுப்பினால், அவதூறு வழக்கில் நிறுவனமே பிரதிவாதியாக நிற்க நேரும்.

வேலைக்கு எடுப்பவரின் பக்கம்

வழக்கில் தற்காத்துக்கொள்ள வேண்டியவர் ஊழியர் மட்டும் அல்ல, அவரை எடுக்கும் நிறுவனமும்தான். 1852-ல் லண்டனில் ஓபரா பாடகி யோகன்னா வாக்னர், ஓர் அரங்கில் மட்டும் பாடுவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, போட்டி அரங்கு கூடுதல் பணம் தந்ததும் அங்கே போகப் பார்த்தார். நீதிமன்றம் அவரைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வேறெங்கும் பாடக் கூடாது என்று தடுத்தது. அடுத்த ஆண்டு, அவரை இழுத்ததாகச் சொல்லப்பட்ட போட்டி அரங்கின் நிர்வாகிமீது தொடர்ந்த வழக்கில், தெரிந்தே ஒப்பந்தத்தை மீறத் தூண்டுபவர்மீதும் வழக்குத் தொடரலாம் என்ற விதி பிறந்தது. பிரிட்டன் வழிவந்த பொதுச் சட்ட மரபுள்ள நாடுகளில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே நேர்காணலிலேயே ‘பழைய ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்காமல் இருப்பது தவறு. கேட்டுவிட்டு, ‘உங்கள் வாடிக்கையாளர்களையும் அழைத்து வாருங்கள்’ என்று மின்னஞ்சலில் எழுதுவது அதைவிட மோசம். அந்த ஒரு வரியே மனுவின் முதல் இணைப்பாக வரும். பழைய நிறுவனத்தின் ஒரு தாளைக்கூடக் கொண்டுவரக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்களுக்கு அவரது பொறுப்பைப் பழைய வேலையிலிருந்து சற்றுத் தள்ளி அமையுங்கள்.

நோட்டீஸ் வந்த ஊழியர் செய்யும் தவறுகளில் இரண்டு எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருபவை. ஒன்று, பயத்தில் கோப்புகளையும் உரையாடல்களையும் அழிப்பது. ஒப்பந்தமே செல்லாத வழக்கில்கூட, சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயர் வந்துவிட்டால் நீதிபதியின் பார்வை மாறிவிடும். இன்னொன்று, நோட்டீஸோடு இணைத்து அனுப்பும் உறுதிமொழிப் பத்திரத்தில், வக்கீலிடம் காட்டாமல், ‘தொல்லை விட்டது’ என்று கையெழுத்திடுவது. பழைய ஷரத்து நீதிமன்றத்தில் தோற்றிருக்கலாம். புதிதாக, மனமுவந்து தந்த உறுதிமொழியை உடைப்பது மிகக் கடினம். சமரசம் தவறல்ல, பல நேரம் அதுவே இருவருக்கும் நல்லது. ஆனால் அந்தத் தாளில், அணுகக் கூடாத வாடிக்கையாளர்கள் பெயர் பெயராக இருக்கிறார்களா, தடை முடியும் தேதி இருக்கிறதா, ரகசியம் என்பதற்குள் பொதுவில் கிடைக்கும் தகவலும் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி இல்லாத இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.