மல்லாட்டைக் கொல்லையில் களை: விதைக்கும் முன்பே தொடங்கும் தவறுகள்

பலமனேர், சித்தூரில் தொடங்கி குடியாத்தம், பள்ளிப்பட்டு வரை மானாவாரிச் செம்மண்ணில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களின் கையைக் கடிப்பது களையெடுக்கும் கூலிதான். அந்தக் கூலியில் பெரும்பகுதி, விதைப்பிலும் அதற்கு முந்தைய உழவிலும் நேர்ந்த பிழைகளுக்காகத் தருவது.

கோடை மழையை வீணாக்குவது முதல் பிழை. அந்த ஈரத்தில் ஒருமுறை உழுது விட்டால் 10, 15 நாளில் சாரணையும் பண்ணைக்கீரையும் முளைத்துவிடும். விதைப்புக்கு முன் அவற்றை மேலாகக் கீறி அழித்தால் பயிரோடு போட்டியிட வரும் களை பெருமளவு குறையும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ‘நன்றாகப் புரளட்டும்’ என்று ஆழமாக உழுகிறார்கள். சிறு களை விதைகள் மேல்மண்ணில் 2, 3 செ.மீ. ஆழத்துக்குள் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். ஆழ உழுதால் கீழே உறங்கும் விதையை நாமே மேலே கொண்டுவந்து விடுகிறோம். இந்த இரண்டாம் உழவு 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மண்ணை மேலாகச் சீவும், ஆந்திரப் பக்கத்துக் கத்திக் கருவியான குண்டக்கா இதற்குப் போதும்.

கோரை உள்ள நிலத்தில் ஈரத்தோடு ரோட்டவேட்டர் ஓட்டுவது அதைவிடக் கெடுதல். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும். சங்கிலி அறுந்தால் உறங்கிக்கிடந்த கிழங்குகளும் தனித்தனியே துளிர்க்கும். மண் காய்ந்த கோடையில், இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை ஆழ உழுது, கிழங்கை வெயிலில் காயவிடுவதே வழி.

அடுத்தது சால், அதாவது விதை வரிசை. மல்லாட்டைக்குச் சாலுக்குச் சால் 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 33 செடி நிற்கும். முளைக்காத இடத்தில் 10 நாளுக்குள் மறுவிதை ஊன்றாவிட்டால், அந்த வெற்றிடம் முழுக்கக் களைக்குத்தான். டிராக்டரில் ஒன்பது சால் கருவியால் விதைக்கும்போது எல்லாச் சாலும் நேராக விழும். ஆனால் திரும்பி வரும்போது கடைசிச் சாலுக்கும் புதுச் சாலுக்கும் நடுவே 25 செ.மீ.யோ 40 செ.மீ.யோ விழுந்துவிடும். குறுகினால் களைக்கருவி செடியை வெட்டும். அகன்றால் நடுவில் களை தப்பும். அடுத்த நடைக்கு மண்ணில் கோடு கிழிக்கும் மார்க்கர் கம்பி கட்டி ஓட்டச் சொல்லுங்கள். டிராக்டரிலோ மாட்டிலோ களையெடுக்கும் கருவியை இழுத்தால், விதைத்த கருவியில் எத்தனை சாலோ அத்தனை சால்தான் இதிலும் இருக்க வேண்டும். விதைத்த கருவி போன தடத்திலேயே களைக்கருவியும் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் நல்ல பயிரை வெட்டிவிட்டுக் கருவியைக் குறை சொல்வது சகஜம்.

கையால் தள்ளும் சக்கரக் களைக்கருவிக்கு 30 செ.மீ. சாலில் 15 முதல் 18 செ.மீ. கத்தி போதும், இருபுறமும் 6 செ.மீ.யாவது மிஞ்சும். எஞ்சினில் ஓடும் பவர் வீடர் 60 செ.மீ. சால் மக்காச்சோளத்துக்கும் 90 செ.மீ. சால் பருத்திக்கும் உரியது, கடலைச் சாலில் அதை நுழைக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘கண்ணுக்குத் தெரியட்டும்’ என்று காத்திருப்பது. விதைத்து 12, 15 நாளில் சால் இடையே விரலால் மண்ணைக் கீறிப் பாருங்கள். வெள்ளை நூல் போல முளைகள் கிடந்தால் அதுதான் நேரம். கத்தி 2, 3 செ.மீ. ஆழத்தில் சீவினாலே போதும், வெயிலில் கருகிவிடும். களை நாலு இலை விட்ட பிறகு வேர் பிடித்துக்கொள்ளும். வெட்டினாலும் ஈரமண்ணில் மறுபடி ஊன்றும். அதனால் காலை வெயில் ஏறிய பிறகு, மேல்மண் உலர்ந்திருக்கும் நாளில், மழை வராது என்று தெரிந்தால்தான் ஓட்ட வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் களையைச் சீவாமல் மண்ணுக்குள் அமுக்கிவிட்டுப் போகும்.

இரண்டாம் களை 40 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். ஜிப்சம் போட்டு மண் அணைப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். 45 நாளுக்குப் பிறகு, காயாக மாறும் விழுது மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது கொத்தினால் காய் பிடிக்காது. தப்பிய களையைக் கையால் பிடுங்குங்கள், மண்ணைக் கிளறாதீர்கள். வரப்போரப் பார்த்தீனியத்தையும் பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும்.