கத்திரி வெயிலிலும் நிற்கிற ஓவர்கிளாக்

எடிட்டிங் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து, அதாவது ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைத்து, தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "சித்திரை மாசம் மத்தியானம் உங்க ரூம்ல எத்தனை டிகிரிங்க?" என்பதுதான். திருப்பூரில் கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். பல எடிட்டிங் அறைகளில் ஏசி கிடையாது. இருந்தாலும் கரண்ட் பில்லுக்குப் பயந்து பாதி நேரம் அணைத்தே வைத்திருப்பார்கள். குளிர்தேசத்துக்காரர் ஒருவர் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து வீடியோவில் சொல்கிற செட்டிங்கை அப்படியே இங்கே போட்டால் மார்கழியில் ஓடும், வைகாசியில் படுத்துக்கொள்ளும்.

காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவும் அறை வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோகாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. அதனால் நான் பார்க்கிற எண் ஒன்றே ஒன்று: முழு லோடில் ப்ராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்தால் வருவது. மார்கழியில் அறை 24, ப்ராசஸர் 78 என்றால் வித்தியாசம் 54. கத்திரியில் அறை 38-க்குப் போனால் அதே வேலைக்கு ப்ராசஸர் 92-ல் நிற்கும். வித்தியாசத்தை 45 பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் மே மாதத்திலும் நிம்மதி.

என்னிடம் அதிகம் வருவது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், பி550 மதர்போர்டு. அதை வைத்தே சொல்கிறேன். ஆறு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). கம்பெனி சொல்லும் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சாக்கெட் வழியாக 76 வாட் வரை இழுக்கும். வெப்ப உச்சவரம்பு 95 டிகிரி. உங்களிடம் ஏ520 போர்டு இருந்தால் ஓவர்கிளாக்கை மறந்துவிடுங்கள், அந்தச் சிப்செட்டுக்கு (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) அது கிடையாது. இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் கே எழுத்துள்ள ப்ராசஸரும் இசட் வரிசைப் போர்டும் வேண்டும். 12400 வைத்துக்கொண்டு கேட்டு வருகிறவர்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். இன்னொன்று: ஓவர்கிளாக் செய்து ப்ராசஸர் கெட்டால் ஏஎம்டி வாரன்டி அதற்குப் பொருந்தாது. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற செட்டிங் திரை) கம்பெனியே வைத்திருக்கிற பிபிஓ வசதியை (ப்ராசஸர் தன் எல்லைகளைத் தாண்ட விடும் செட்டிங்) ஆன் செய்வதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

முதல் வேலை கூலர். கூடவே வருகிற ரைத் ஸ்டெல்த், 5600எக்ஸின் சொந்த வேகத்துக்கே நம் ஊர் வெயிலில் மூச்சு வாங்கும். நான்கு ஹீட்பைப், 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒற்றை டவர் கூலர் இந்த ப்ராசஸருக்குப் போதும். டீப்கூல் ஏகே400 நான் அடிக்கடி போடுவது, உயரம் 155 மி.மீ. கேபினெட் அகலம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று வாங்கும் முன் அளந்துவிடுங்கள். தண்ணீர்க் கூலரை இந்த ஊரில் நான் சிபாரிசு செய்வதில்லை. பனியன் கம்பெனிப் பஞ்சு காற்றில் மிதந்து வந்து ரேடியேட்டரின் நெருக்கமான இடுக்குகளில் அடை கட்டிக்கொள்ளும். டவர் கூலரிலும் அடையும்தான், ஆனால் ஃபேனைக் கழற்றி பிரஷ் வைத்துத் தள்ளினால் வந்துவிடும். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவதில் ஒரு கண்டம் இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து பசையாகப் பிடித்திருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் லிவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கழற்றும் முன் பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். பிறகு ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களை எடுத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி, அது தானாக வழுக்க ஆரம்பித்ததும் தூக்குங்கள். ஸ்க்ரூ கழன்றதும் போர்டுக்குப் பின்னால் உள்ள பேக்பிளேட் கீழே விழும், ஒரு கை அங்கே இருக்கட்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பழைய பேஸ்டைத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதியதை வைத்து, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் சரிந்துவிடும். கேபினெட்டில் முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். டேபிளுக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் எந்தக் கூலரும் உதவாது.

இப்போது பயாஸுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. ப்ராசஸர் கக்கும் சூடு, வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கத்தில் ஏறும். 4.2-லிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸுக்குப் போக 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினால், வேகம் ஒன்பதரை சதவீதம் கூடும், சூடு ஏறத்தாழ 28 சதவீதம் கூடும். நான் வோல்டேஜைக் குறைப்பதிலிருந்து தொடங்குவது இதனால்தான். எல்லாக் கோருக்கும் ஒரே வேகம், ஒரே வோல்டேஜ் என்று பூட்டிவைக்கிற பழைய முறையை ரைசனில் நான் செய்வதில்லை. ஒற்றைக் கோர் வேலையில் அது தானாகவே தொடும் உச்சத்தை இழந்துவிடுவோம். சும்மா இருக்கும்போது 1.45 வோல்ட் காட்டுவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், குறைந்த கரன்ட்டில் அது சகஜம். எல்லாக் கோரும் உழைக்கும்போது 1.4 வோல்ட்டை நிரந்தரமாகப் பூட்டுவதுதான் ஆபத்து.

பயாஸில் பிபிஓ மெனுவுக்குள், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். எல்லாக் கோர், நெகட்டிவ், 10 என்று வையுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட்டைக் குறைக்கும். வாட் எல்லையைத் தொடாதீர்கள், 76-லேயே இருக்கட்டும். வோல்டேஜ் குறைந்ததால் அதே வாட்டுக்குள் ப்ராசஸர் கூடுதல் வேகத்துக்குப் போகும். சூடு ஏறாமல் கிடைக்கிற வேகம் இது. என் வாடிக்கையாளர்களில் பலருக்கு நான் இதோடு நிறுத்திவிடுகிறேன்.

சோதிப்பதற்கு வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்துவைத்து, ப்ராசஸருக்கு முழு லோடு கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ அரை மணி ஓட்டுங்கள். அறையில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வைத்து, கடைசிப் பத்து நிமிட வெப்பத்திலிருந்து அதைக் கழியுங்கள். ஆனால் கர்வ் ஆப்டிமைசரில் கோளாறு பெரும்பாலும் கனமான வேலையில் வெளிப்படாது. சும்மா இருக்கும்போது, ஒரு போல்டரைத் திறக்கும்போது, ராத்திரி ஆளில்லாத நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். அதற்கு ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்கிற கோர்சைக்ளரை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18-ஆம் எண் பிழை பதிவாகியிருக்கும். அதில் உள்ள ஏபிஐசி எண்ணை (திரெட்டின் அடையாள எண்) இரண்டால் வகுத்து மீதியை விட்டால் எந்தக் கோர் என்று தெரியும்: 6 அல்லது 7 என்றால் 3-ஆம் கோர். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அந்தக் கோருக்கு மட்டும் 5 எண் தளர்த்துங்கள், அதாவது நெகட்டிவ் 10-ஐ 5 ஆக்குங்கள். வேகமான கோர்கள்தான் வழக்கமாக முதலில் தடுமாறும். மற்றவை 20 வரை தாங்கலாம். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, பக்கத்து ஸ்டுடியோக்காரரின் எண் உங்களுக்கு உதவாது.

இதெல்லாம் நிலையாக நின்று, வித்தியாசமும் 45-க்குள் இருந்தால் வாட்டைத் தொடலாம். பிபிடி (மொத்த வாட்) 95, டிடிசி (நீடித்த கரன்ட், ஆம்பியரில்) 70, இடிசி (நொடி நேர உச்சக் கரன்ட், ஆம்பியரில்) 100 என்பது நான் வைக்கிற அளவு. போர்டே எல்லை வைக்கட்டும் என்ற தேர்வைப் போடாதீர்கள், அது கடிவாளத்தைக் கழற்றிவிடும். அதே மெனுவில் வெப்ப எல்லையை 85 ஆக்குங்கள். கத்திரியில் அறை கொதித்தால் ப்ராசஸர் தானாகக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எக்ஸ்போர்ட் சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகிற எஸ்ஓசி வோல்டேஜைக் கை வைத்து ஏற்றாதீர்கள். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகியபோது ஏஎம்டி அந்த வரிசைக்கு 1.3 வோல்ட் என்று கடிவாளம் போட வேண்டியிருந்தது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைக்காரர்கள் ஓவர்கிளாக்கை யோசிக்கும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜ் கேட்டு அவை நிலைகுலைந்ததற்கான மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் இருக்கும் புரோகிராம்) திருத்தம் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது.

முகூர்த்த சீசனில் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஆடியிலோ மார்கழியிலோ செய்துவிட்டு, சித்திரை பிறந்ததும் ஒரு மத்தியானம் ஏசியை அணைத்து சினிபெஞ்சை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பயாஸ் அப்டேட்டைக் கட்டாயம் யூபிஎஸ் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அப்டேட் ஆனதும் எல்லா செட்டிங்கும் அழிந்துவிடும், சேமித்த ப்ரொஃபைலும் பல போர்டுகளில் திரும்ப ஏறாது. அதனால் பயாஸின் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.