பேட்டன்ட் ஏஜென்ட் ஆவது எப்படி? சட்டம் படிக்காதவர்களுக்கும்தான்

கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரர், மோட்டாருக்குள் தண்ணீர் இறங்காதபடி புதுசாக ஒரு சீல் செய்துவிட்டு, "ஏனுங்க, பக்கத்துப் பட்டறையில பாத்துட்டு இதையே செஞ்சா என்னங்க பண்றது?" என்று கேட்டால், அவருக்காக பேட்டன்ட்டுக்கு, அதாவது கண்டுபிடிப்பை மற்றவர் காப்பியடிக்காமல் தடுக்கும் காப்புரிமைக்கு, விண்ணப்பம் எழுதி பேட்டன்ட் அலுவலகத்தில் பேசுபவர்தான் பேட்டன்ட் ஏஜென்ட். கோவையில் இப்படிக் கேட்க ஆள் நிறைய, எழுதித் தரத்தான் ஆள் வேண்டும்.

படி 1: தகுதி. அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம், 21 வயது, இந்தியக் குடியுரிமை. சட்டப் படிப்பு தேவையில்லை, பலர் இது தெரியாமலே ஒதுங்கிவிடுகிறார்கள். கோர்ட்டில் வாதாட மட்டும் வக்கீல் வேண்டும்.

படி 2: 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை வாங்கி முதலில் பிரிவு 3-ஐப் படியுங்கள். எதற்கெல்லாம் பேட்டன்ட் கிடையாது என்று அதில்தான் இருக்கிறது. விவசாய முறைக்குக் கிடையாது, பரம்பரை அறிவுக்கும் கிடையாது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் பேட்டன்ட் கொடுத்து, நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டிப் போராடி 1997-இல் ரத்தான கதையை ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

படி 3: க்ளெய்ம் எழுதிப் பழகுங்கள். கண்டுபிடிப்பில் எதெல்லாம் நம்முடையது என்று விண்ணப்பத்தில் எல்லை போட்டுச் சொல்லும் வாக்கியம்தான் க்ளெய்ம். மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. அந்த சீலை "ஷாஃப்டைச் சுற்றிய ரப்பர் வளையம்" என்று எழுதினால், அடுத்தவர் நெகிழும் பிளாஸ்டிக்கில் செய்து தப்பித்துவிடுவார். "நெகிழும் வளையம்" என்று விரித்தால் அவரும் உள்ளே வருவார், ஆனால் ஏதாவது பழைய பம்பில் அப்படி ஒன்று இருந்துவிட்டால் க்ளெய்மே நிற்காது. அதனால் முதல் க்ளெய்மை அகலமாக எழுதி, ரப்பர், வளையத்தின் வடிவம், அது உட்காரும் பள்ளம் என்று அடுத்தடுத்த க்ளெய்ம்களில் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். வீட்டு கிரைண்டரைப் பார்த்து தினம் ஒன்று எழுதுங்கள், கை தானாகப் படியும்.

படி 4: தேர்வு. சட்டத்துக்கு ஒரு தாள், எழுதும் திறமைக்கு ஒரு தாள், அப்புறம் நேர்முகம். இரண்டு தாளிலும் தலா 50 மார்க், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். வருடா வருடம் நடக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், 2018-க்குப் பிறகு 2023-இல்தான் நடந்தது.

பாஸாகிப் பதிவும் செய்தாச்சா? சரி, பட்டறைக்காரரிடம் முதலில், "இதை யாருக்காவது வித்தீங்களா, வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டீங்களா?" என்று கேளுங்கள். முன்பே வெளியே தெரிந்துவிட்டால் புதுசு என்று சொல்வது கஷ்டம். இல்லை என்றால் அன்றைக்கே தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல்கட்ட எழுத்தை, தாக்கல் செய்துவிடுங்கள், முழுதாக எழுதித் தர 12 மாதம் கிடைக்கும்.