பிரேவ்ஹார்ட்டைச் சொந்தபந்தத்தோடு பார்ப்பது எப்படி

லேப்டாப்பில் தனியாகப் பார்ப்பதற்கு யாருடைய யோசனையும் வேண்டியதில்லை. பொங்கல் லீவுக்கு வந்த மாமன் மச்சான், பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரையும் தோட்டத்துச் சாளை வாசலில் பாய் போட்டு உட்காரவைத்து, வெள்ளையடித்த சுவரில் புரொஜக்டரில் ஓட்டப் போகிறீர்கள் என்றால்தான் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். 1995இல் மெல் கிப்சன் இயக்கி, இங்கிலாந்தை எதிர்த்த ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸாக நடித்த இந்தப் படம் ஐந்து ஆஸ்கர் வாங்கியது, வரலாறு படித்தவர்களிடம் அதைவிட அதிகமாகத் திட்டும் வாங்கியது, என்னைக் கேட்டால் இரண்டுமே நியாயம்தான். பார்க்கிறவர்கள் அழுவார்கள், சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். அந்தப் பேச்சைக் கெடுக்காமல் நடத்திக்கொண்டு போவதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நேரம். படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு ஆட்கள் வந்து உட்கார ஏழு மணி ஆகிவிடும், அப்படியானால் நடுவில் சோற்றுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். அதற்குச் சரியான இடம் ஸ்டிர்லிங் சண்டை முடிகிற இடம். அதுவரைக்கும் உற்சாகம் ஏறிக்கொண்டே போகும், அதற்குப் பிறகு தோல்வி, துரோகம், சித்திரவதை என்று கதை இருட்டிக்கொண்டு போகும். அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் போதும், கறி விருந்து வைத்தால் பாதிப் பேர் இரண்டாம் பாதியைக் குறட்டையில் பார்ப்பார்கள். சப்டைட்டில் கட்டாயம், இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பு அவ்வளவு லேசில் காதில் ஏறாது. மார்கழி முடிந்தாலும் பனி விடாது, அம்மாயிக்கு ஒரு போர்வை எடுத்து வையுங்கள். சின்னப் பிள்ளைகளைச் சோறு தின்றதும் உள்ளே அனுப்பிவிடுங்கள், கடைசிக் காட்சி அவர்களுக்கானது இல்லை.

படத்தைப் போடும் முன் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வருஷக் கணக்காகச் சொல்லாமல் உறவுமுறையாகச் சொல்லுங்கள். 1286இல் ஸ்காட்லாந்து ராஜா மூன்றாம் அலெக்சாந்தர் ராத்திரியில் குதிரையில் போகும்போது விழுந்து செத்தார், பெற்ற பிள்ளைகள் அவருக்கு முன்பே போய்விட்டார்கள், மிச்சம் இருந்தது நார்வேயில் ஒரு பேத்தி, அந்தக் குழந்தையும் 1290இல் வருகிற வழியிலேயே இறந்துபோனது. பட்டத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் உரிமை கேட்டு நின்றார்கள். தீர்த்துவைக்கச் சொல்லி இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டைக் கூப்பிட்டார்கள். அவர் 1292இல் ஜான் பேலியல் என்பவருக்குப் பட்டம் கொடுத்தார், 1296இல் படையோடு வந்து அவரையும் இறக்கிவிட்டு நாட்டையே எடுத்துக்கொண்டார். பங்காளிகளின் வரப்புத் தகராறுக்குப் பஞ்சாயத்துப் பேச வந்த பெரிய மனுஷன் கடைசியில் காட்டையே தன் பேருக்குக் கிரயம் பண்ணிக்கொண்ட கதை என்று சொல்லுங்கள், எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒருத்தரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ஊரில் நடந்த கிரயக் கதைகளைச் சொல்ல இரண்டு பேர் ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களை நிறுத்துவதுதான் வேலை.

இனி முக்கியமான விதி: படம் ஓடும்போது யாரும் யாரையும் திருத்தக் கூடாது. எல்லாக் கூட்டத்திலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு 'இது நடக்கவே இல்லை' என்று உடனுக்குடன் அறிவிக்கும் ஒரு மாப்பிள்ளை இருப்பார், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதுதான் தொந்தரவு. கல்யாணம் ஆன பெண்ணை முதல் ராத்திரி பிரபுவிடம் அனுப்ப வேண்டும் என்ற சட்டம் படத்தில் வருகிற இடத்தில் வாசலே அமைதியாகிவிடும், பெண்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த நேரத்தில் 'அப்படி ஒரு சட்டம் அங்கே இருந்ததற்கு ஆதாரமே கிடையாது' என்று ஒருத்தர் சொன்னால், ஆதாரம் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அத்தையின் கோபம் அங்கேயே அணைந்துபோகும், அப்புறம் அவர் வாயைத் திறக்கவேமாட்டார். அந்த மாப்பிள்ளையிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, தப்பு என்று பட்டதையெல்லாம் எழுதிவைக்கச் சொல்லுங்கள், சோற்று நேரத்தில் அவருக்கு மேடை உண்டு.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். 'படம் எப்படிங்க?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கூட்டி வந்து உட்காரவைத்து, காப்பியும் கொடுத்தவரிடம் கொங்கு நாட்டில் யாரும் 'நல்லா இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'நல்லாத்தானுங்க இருக்குது' என்று முடித்துவிடுவார்கள். எந்த இடத்தில் எழுந்து போகலாம் என்று இருந்தது, யாரைப் பார்த்தால் பாவமாக இருந்தது, யார் மேல் ஆத்திரம் வந்தது என்று கேளுங்கள், அப்போதுதான் வாய் திறக்கும். காங்கேயம் பக்கத்து ஆட்களிடம் முதலில் வரும் கேள்வி மனிதர்களைப் பற்றியே இருக்காது. 'அந்தக் குதிரை நெசமாலுமே செத்துப்போச்சுங்களா?' என்றுதான் கேட்பார்கள். கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடித்துப் போய்ப் பழகினவர்கள், அவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சாகவில்லை, ஈட்டியில் மோதிக் கவிழ்கிறவை இயந்திரக் குதிரைகள் என்று இதை மட்டும் உடனே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மீதிப் படத்தை நிம்மதியாகப் பார்க்கமாட்டார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லலாம்: படத்தின் பெரும்பகுதியை எடுத்தது அயர்லாந்தில், சண்டை போடுகிற கூட்டம் அந்த நாட்டு ராணுவத்தின் ரிசர்வ் வீரர்கள், ஸ்காட்லாந்துக்காரராகவும் இங்கிலாந்துக்காரராகவும் மாறி மாறி நின்றது அதே ஆட்கள்தான்.

சோற்று நேரத்துக்கு வருவோம். பேச்சு நன்றாக ஓடுவது இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள். 'ஏனுங்க மாப்ள, ஸ்டிர்லிங் பாலச் சண்டைன்னீங்க, பாலத்தையே காணமுங்களே?' என்று யாராவது கேட்டே தீருவார்கள். கேட்காவிட்டால் நீங்களே எடுத்துக்கொடுங்கள். 1297 செப்டம்பர் 11இல் நடந்த அந்தச் சண்டையின் சூட்சுமமே ஒரு குறுகலான மரப்பாலம், படத்தில் அது வெட்டவெளியில் நடக்கிறது. வாயால் சொன்னால் பாதிதான் புரியும், பாயிலேயே செய்து காட்டுங்கள். தண்ணீர்ச் சொம்புக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் ஒரு துண்டை நீளமாக விரித்தால் அதுதான் ஃபோர்த் ஆறு. குறுக்கே சோற்றுக் கரண்டியை வையுங்கள், அது பாலம். வடக்கே ஊறுகாய் ஜாடி இருக்கிற மேட்டில் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும், தெற்கே சொம்புப் பக்கம் இங்கிலாந்துப் படை. வறுத்த மோர்மிளகாயை இங்கிலாந்துப் படையாக வைத்து இரண்டிரண்டாகக் கரண்டி மேல் நகர்த்துங்கள், ஏனென்றால் இரண்டு குதிரைகள்தான் அந்தப் பாலத்தில் சேர்ந்து போக முடியும். ஒரு பகுதி மிளகாய் ஜாடிப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு, 'இப்ப நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?' என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பதில் சரியாகவே வரும்: பாலத்து வாயை அடைப்போம். அதைத்தான் அவர்களும் செய்தார்கள். வந்து மாட்டியவர்களுக்குத் திரும்பிப் போக வழி இல்லை, அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு உதவிக்கு வர வழி இல்லை. ஸ்காட்லாந்தில் இங்கிலாந்து ராஜா வைத்திருந்த பொக்கிஷ அதிகாரி கிரெஸ்ஸிங்ஹாம் அங்கேயே செத்தார். மோரே காயப்பட்டுப் பின்னால் இறந்துபோனார், சண்டையில் சரிபாதிப் பங்கு அவருக்கு உண்டு, படத்தில் அவர் ஆளே இல்லை. எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கிற பெரிய வருத்தம் இதுதான், படத்தில் ஆண்கள் கட்டுகிற பாவாடையும் முகத்தில் பூசுகிற நீலச் சாயமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இப்போது மாப்பிள்ளை பேப்பரை எடுக்கலாம். முகத்தில் நீலம் பூசியது வாலஸுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள், அந்த மடிப்புப் போர்வை உடுப்பு 16ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். இங்கிலாந்து இளவரசரின் மனைவி இசபெல்லா வாலஸின் பிள்ளையைச் சுமப்பதாகப் படம் காட்டுகிற விஷயத்தை மட்டும் படம் முடிகிறவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் அந்தப் பெண் வரும்போதெல்லாம் சிரிப்புதான் வரும். வாலஸ் செத்த 1305இல் அவர் பத்து வயதை ஒட்டிய சிறுமி, இங்கிலாந்துக்குக் கல்யாணம் ஆகி வந்ததே 1308இல், மகன் மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312இல். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பாதியில், பின்னாளில் ஸ்காட்லாந்து ராஜாவான ராபர்ட் புரூஸ்தான் வாசலை இரண்டாகப் பிரிப்பவர். பாதிப் பேர் துரோகி என்பார்கள், அப்பன் பேச்சைத் தட்ட முடியாத பிள்ளை என்று மீதிப் பேர் பாவப்படுவார்கள். நீங்கள் பஞ்சாயத்துப் பண்ண வேண்டாம். வாலஸ் தோற்ற ஃபால்கிர்க் சண்டையில் புரூஸ் முகமூடி போட்டுக்கொண்டு இங்கிலாந்துப் பக்கம் நின்றதாகக் காட்டுவதற்கு உறுதியான சான்று இல்லை என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். கடைசித் தண்டனைக் காட்சி முடிந்ததும் லைட்டைப் பட்டென்று போடாதீர்கள், கண்ணைத் துடைக்கிறவர்களுக்கு, முக்கியமாக அழுததை ஒத்துக்கொள்ளாத மாமன்களுக்கு, கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

லைட் வந்ததும் வரும் முதல் வார்த்தை அநேகமாக 'இது நம்ம சின்னமலை கதைதானுங்க' என்பதாகத்தான் இருக்கும். விடுங்கள், பேசட்டும். ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலைக்கும் சங்ககிரிக்கும் மாலையோடு போகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? ஒற்றுமையும் இருக்கத்தான் செய்கிறது. லண்டன் ஸ்மித்ஃபீல்டில் வாலஸைக் கொன்றது 1305, சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது 1805, சரியாக ஐந்நூறு வருஷம். கூட இருந்த சமையல்காரன் காட்டிக்கொடுத்தான் என்பது இங்கத்திய ஊர்ப்பேச்சு, அங்கே பிடித்துக்கொடுத்தவர் ஜான் மென்டீத் என்கிற ஸ்காட்லாந்துப் பிரபு. ஆனால் ஒரே கதை என்று முடித்துவிட்டால் பேச்சும் முடிந்துபோகும், ஆகவே வித்தியாசத்தையும் எடுத்துப் போடுங்கள். சின்னமலை எதிர்த்தது ஒரு வியாபாரக் கம்பெனியை. வாலஸ் எதிர்த்தது ஒரு முடியரசை, அதுவும் பதவி இறக்கப்பட்ட பேலியலின் பெயரால். படம் காட்டுகிற மாதிரி அவர் குடிசை விவசாயியும் கிடையாது, சின்ன நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. அப்புறம் படத்தின் கதை பெரும்பாலும் எடுக்கப்பட்டது, வாலஸ் செத்து நூற்றெழுபது வருஷம் கழித்து பிளைண்ட் ஹாரி என்ற கவிஞர் பாடிய நெடும்பாட்டிலிருந்து. இந்த இடத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து விடிய விடியக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் பட்டப்படிப்புக்காரர்களைவிடத் தெளிவாகப் பேசுவார்கள். பொன்னரும் சங்கரும் எந்த வருஷம் என்று அவர்கள் பாடுகிறவரிடம் கேட்டதில்லை, பாட்டில் எது கூட்டிச் சொன்னது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் வாட்ஸப் குரூப்பிலோ ஃபேஸ்புக்கிலோ எழுதுவதானால் தப்புப் பட்டியல் போடாதீர்கள், முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வாசலில் யார் எந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அதை வேறு யாராலும் எழுத முடியாது. ஸ்காட்லாந்திலேயே இந்தப் படத்தைப் பற்றி ஒரே அபிப்பிராயம் கிடையாது. 1997இல் வாலஸ் நினைவுக் கோபுரத்தின் அடிவாரத்தில் கிப்சன் முகச்சாயலில் ஒரு சிலையை வைத்தார்கள், அதைச் சிலர் உடைத்துச் சேதப்படுத்தவே, கடைசியில் சிலையையே கூண்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று.

ஆர்வம் அடங்கவில்லை என்றால் அடுத்த ராத்திரிக்கு 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவுட்லா கிங்கைப் போடலாம். கிறிஸ் பைன்தான் புரூஸ், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், முதல் நாள் புரூஸைத் திட்டியவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அதில் கடைசியாக வரும் 1307 லவுடன் ஹில் சண்டையில் சேறும் பள்ளமும் உண்மையாகவே புரூஸுக்குக் கைகொடுத்தவை, இங்கிலாந்து இளவரசர் மட்டும் அங்கே இருந்ததாகக் காட்டுவது கற்பனை. படுக்கையறைக் காட்சிகள் உண்டு, ரிமோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அம்மாயிக்கு அன்றைக்கு வேறு சேனல்.