தொல்லுயிர் எச்சமா, வெறும் கல்லா?

தொல்லுயிர் எச்சங்களைத் தேடுபவர், சுண்ணாம்புக்கல், களிப்பாறை, மணற்கல் போன்ற படிவுப் பாறைகள் மழையாலும் அலையாலும் அரிக்கப்பட்டு வெளித்தெரியும் இடங்களில், உரிய அனுமதியுடன் தேட வேண்டும். கண்டதைக் கையிலெடுக்கும் முன், அது எந்த அடுக்கில் இருந்தது என்பதை அளவுகோல் வைத்தெடுத்த ஒளிப்படத்துடன் குறித்துக்கொள்க. இடம் தெரியாத எச்சத்தின் அறிவியல் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

ஓடுகளை இனங்காணச் சமச்சீரே சிறந்த துப்பு என்பேன்: சிப்பியினத்தில் இரு ஓடுகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைய, பிராக்கியோபாடு எனும், சிப்பிபோல் ஈரோடுடைய கடலுயிரியிலோ மேலோடும் கீழோடும் வேறுபட்டு, ஒவ்வோர் ஓடும் தன் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருக்கும். பெரணி இலைபோல் கல்லில் படர்ந்த கருங்கோலங்கள் பெரும்பாலும் தாவர எச்சங்கள் அல்ல, மாங்கனீசு ஆக்சைடு எனும் கனிமப் படிவுகளே (புதியவர்கள் மிகவும் மயங்குவது இங்கேதான்). எலும்போ என ஐயுறும் துண்டாயின், உடைந்த முகத்தில் நுண்துளை அமைப்பு உள்ளதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும்.