கடற்கரை ஊரின் வரலாற்றைத் தேடுவதும் எழுதுவதும்

இராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊரின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் முதலில் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். "எங்கள் ஊர் வரலாறு" என்று பொதுவாகத் தொடங்கினால் சேதுபதிகளிடமோ இராமாயணத்திடமோ போய் நின்றுவிடுவோமே தவிர, ஊருக்குத் திரும்பி வர மாட்டோம். "எங்கள் கரையில் சங்கு குளிப்பது எப்போது நின்றது?", "பள்ளிவாசல் கிணற்றை வெட்டிக் கொடுத்தவர் யார்?", "தனுஷ்கோடியிலிருந்து எத்தனை குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின?" என்பவை போன்ற கேள்விகளுக்கு விடை தேடலாம், கிடைத்த விடையைச் சோதிக்கவும் முடியும்.

அடுத்து, முதியவர்களிடம் செல்ல வேண்டும். காப்பகத்துக் காகிதம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதுக்காரரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் ஆண்டைக் கேட்பதில் பயனில்லை. பாம்பன் பக்கம் ஒரு மூதாட்டியிடம் திருமணம் எந்த ஆண்டில் நடந்தது என்று கேட்டேன். அவர் பேசாமல் இருந்தார். "புயலுக்கு முந்தியா, பிந்தியா ஆத்தா?" என்று மாற்றிக் கேட்டதும், "முந்தி. மூத்தவன் அப்ப கைப்பிள்ளை, அவனத் தூக்கிக்கிட்டுத்தான் மணல்மேட்டுல ஏறுனோம்" என்றார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை வைத்தே இந்தக் கரையின் நினைவு காலத்தை அளக்கிறது. மாதம் தெரியாதவருக்கும் அது வாடைக் காலமா, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசிய காலமா என்பது தெரியும். கேள்வியிலேயே விடையை வைத்துவிடக் கூடாது என்பதும் முக்கியம். "ரயில் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தீர்களா?" என்று கேட்பதைவிட, "அன்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, இடைமறிக்காமல் காத்திருப்பதே நல்லது.

சொன்னதை எழுதியதோடும், எழுதியதைச் சொன்னதோடும் மோதவிட்டுப் பார்ப்பதில்தான் வரலாற்று ஆய்வின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அந்தப் புயலில் சிக்கிய பாம்பன் – தனுஷ்கோடி பயணிகள் ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு வெவ்வேறு கணக்குகள் வழங்குகின்றன. விற்ற பயணச்சீட்டுகளின் எண்ணிக்கையும் வண்டியில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே ஒரு கணக்கை விழுங்கிவிட்டு இன்னொன்றை மட்டும் எழுதாமல், எது யார் சொன்னது, எதை வைத்து எண்ணியது என்று இரண்டையும் பதிவு செய்ய வேண்டும்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்குச் செல்பவர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல்தான். அதற்கு முன் இந்தக் கரை மதுரை மாவட்டத்தில் இருந்ததால், அக்காலத்துத் தாள்களை மதுரை ஆவணங்களுக்குள் தேட வேண்டும். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், அதற்கு முந்தைய "ராம்நாடு" கோப்புகளில் சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து ஊர்களும் கலந்திருக்கும். ஒரே பெயருடைய இரண்டு ஊர்களைக் குழப்பிக்கொள்வது எளிது. தூத்துக்குடி "டூட்டிகோரின்" ஆனதுபோல ஐரோப்பியர் எழுத்தில் ஊர்ப்பெயர்கள் உருமாறியிருக்கும் என்பதால், உங்கள் ஊரின் பெயரைப் பலவிதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள்.

கல்வெட்டிலோ செப்பேட்டிலோ சக ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டை அறிய அதோடு 78 கூட்ட வேண்டும். நாள் மார்கழிப் பிற்பாதிக்கும் பங்குனிக்கும் இடையே விழுந்தால் 79. வெறும் "குரோதி வருஷம்" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. புயலடித்த 1964 குரோதி. அறுபது ஆண்டு கழித்து 2024இலும் குரோதியே வந்தது. முஸ்லிம்களின் கல்லறைகளில் நடும் மீசான் கற்களில் காணும் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது, சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைந்தது. எனவே அங்கே ஒரே எண்ணைக் கூட்டும் கணக்கு செல்லாது.

கல்வெட்டைப் படியெடுக்கும் முறையை ஒருமுறையாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும். கல்லைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, மயிர்த் தூரிகையால் ஓங்காமல் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். தாள் பாதி காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்றினால், மேட்டில் மட்டும் கறுப்பு ஏறி எழுத்துகள் வெண்மையாகத் துலங்கும். அனுமதியும் பயிற்சியும் இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுக்கும் புகைப்படமே போதும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ எண்ணெயோ பூசுவது கல்லுக்குச் செய்யும் கேடு.

மண்ணில் கிடக்கும் ஓட்டுச்சில்லையும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வைகை கடலில் கலக்கும் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் 1980களில் தொடங்கிய தமிழகத் தொல்லியல் துறையின் அகழாய்வு ரோமானியக் காசுகளையும், கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டையும் வெளிக்கொண்டு வந்தது. அந்த ஓடு எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது தெரிந்ததால்தான் அது சான்றாகிறது. இடத்தைப் படமெடுத்து, துறைக்குத் தெரிவித்துவிட்டு, பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எழுதும்போது, உறுதியானதையும் ஊகத்தையும் வாசகர் பிரித்தறியும்படி எழுத வேண்டும். "இருக்கலாம்" என்று எழுதுவதில் வெட்கம் வேண்டியதில்லை. நூலாக்குவதற்கு முன்பு அதை ஊரிலேயே படித்துக் காட்டுங்கள்; மீன் ஏலக் கூடமோ பள்ளிக்கூட வராந்தாவோ போதும். பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினால், அவற்றில் இருப்பவர்களின் பெயர்களை ஊராரே சொல்வார்கள். பேட்டியை வெளியிட அந்த வீட்டாரின் சம்மதத்தைப் பெறுங்கள்; ஒலிப்பதிவின் ஒரு படியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் யாரேனும் எழுந்து, "அது எங்க அய்யா தோணி இல்ல, பெரியப்பா தோணி" என்று திருத்தினால், திருத்தியவர் யார், எந்த நாளில் என்பதையும் சேர்த்துக் கைப்பிரதியின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டு, மறுநாள் அந்த வீட்டுக்குச் சென்று தோணியின் கதையை முதலிலிருந்து கேளுங்கள்.