லண்டன் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: ஏரியா பார்ப்பது எப்படி?

லீவுக்குத் தங்கச்சிமடம் வந்தால் வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த முறை கேட்டது பக்கத்துத் தெரு அக்கா. மல்லிகை நாற்றை எண்ணிக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார். மகனுக்கு லண்டனில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஈஸ்ட் ஹாமில் ரூம் பேசியிருக்கிறான். யாரோ செல்போனில் அந்த ஏரியாவின் குற்ற வரைபடத்தைக் காட்டிவிட்டார்கள். "தம்பி, அங்க களவு, கத்திக்குத்து எல்லாம் ஜாஸ்தியாமே, பிள்ளைய எப்படி அனுப்புறது?"

அந்த வரைபடம் பொய்யில்லை. இங்கிலாந்து போலீஸே போலீஸ் டாட் யூகே என்ற தளத்தில் போடுவது. போஸ்ட்கோடு தட்டினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாதாமாதம் பதிவான குற்றங்கள் வரும். ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் தெரியும் புள்ளி, குற்றம் நடந்த வீடு இல்லை. யார் வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பக்கத்தில் உள்ள ஒரு பொதுப் புள்ளியில் வைத்துவிடுவார்கள். அதனால் உங்கள் தெருமுனையில் பத்துப் புள்ளி இருந்தால் உங்கள் தெருமுனையில் பத்துத் திருட்டு என்று அர்த்தமில்லை.

'ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம்' என்ற கணக்கு இன்னும் ஏமாற்றும். அக்காவுக்கு இப்படித்தான் சொன்னேன். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் எவ்வளவு கூட்டம்? அக்னி தீர்த்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் பர்ஸைப் பறிகொடுக்கிறார், எடுத்தவனும் வெளியூர்க்காரன். அதை உள்ளூர் ஜனத்தொகையால் வகுத்தால் ராமேஸ்வரமே திருட்டு ஊர் ஆகிவிடாதா? லண்டனின் நடுப்பகுதியான வெஸ்ட்மின்ஸ்டர் குற்றப் பட்டியலில் மேலே நிற்பதற்கு இது பெரிய காரணம். குடியிருப்பவர்கள் கொஞ்சம், வந்து போகிறவர்கள் லட்சக்கணக்கில். ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் இருக்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தும் கடைவீதிதான். புள்ளிகள் அங்கே குவிந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அதனால் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள். கடையில் பொருள் திருடியது, சைக்கிள் திருட்டு, குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்தது எல்லாமே அந்தக் கூட்டலுக்குள் இருக்கும். குடியிருக்கப் போகிறவருக்கு முக்கியம் இரண்டு: வீடு புகுந்து திருடுவது, வழியில் மறித்துப் பறிப்பது. இந்த இரண்டை மட்டும், ஒரு மாதத்துக்குப் பார்க்காமல் ஒரு வருடத்துக்குப் பாருங்கள். நீங்கள் தினமும் ஸ்டேஷனிலிருந்து நடக்கப் போகும் வழிக்கும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் நேரில் நடந்து பாருங்கள். ஜூலை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஏரியா சொர்க்கமாகத் தெரியும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அந்தச் சந்தில் விளக்கு எரிகிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா? வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி வீட்டுக்கதவு. நம் ஊரில் பகலில் கதவைச் சாத்தினால் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே பல வீடுகளில் பிளாஸ்டிக் சட்டம் போட்ட கதவு இருக்கும். இழுத்துச் சாத்தினால் பூட்டிய மாதிரித்தான் இருக்கும், பூட்டியிருக்காது. கைப்பிடியை மேலே தூக்கி, சாவியைத் திருப்பினால்தான் உள்ளே கொக்கிகள் விழும். நான் ஆறு மாதம் கைப்பிடியைத் தூக்காமலேயே வேலைக்குப் போயிருக்கிறேன். இன்னொன்று, கதவில் தபால் போட ஒரு துவாரம் இருக்கும். சாவியைக் கதவுப் பக்கத்தில் ஆணியில் மாட்டினால் அந்தத் துவாரம் வழியாகக் கம்பியை விட்டு எடுத்துவிடுவார்கள். தூண்டில் போடுவது நமக்கா தெரியாது!

நகை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். கொண்டுபோகாதீர்கள். நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது அங்கே திருடர்களுக்கும் தெரியும். தீபாவளி, கல்யாண சீசனில் போலீஸே எச்சரிக்கை கொடுக்கிறது. லாக்கர் எல்லா பேங்கிலும் கிடையாது, தனியாரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் ஒரு நகைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள், தாலிச் செயின் ஒன்றே அதைத் தாண்டிவிடும். 'குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிட்டோம்' என்று ஏர்போர்ட்டிலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் பழக்கத்தையும் விடலாம்.

உண்மையில் நான் பணம் இழந்தது தெருவில் இல்லை. போன புதிதில் ரூமைப் பார்க்காமலேயே, நம்மவர்தானே என்று நம்பி 300 பவுண்டு அட்வான்ஸ் அனுப்பினேன். போய் இறங்கினால் அந்த முகவரியில் ஒரு சலவைக்கடை. சட்டப்படி, முழு வீட்டையோ பிளாட்டையோ வழக்கமான முறையில் வாடகைக்கு எடுத்தால் டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டு உங்களுக்குத் தகவல் தர வேண்டும். பெரும்பாலான வாடகைகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கவும் கூடாது. ஆனால் வீட்டுக்காரரே அதே வீட்டில் இருந்துகொண்டு ஒரு அறையை மட்டும் விட்டால் இந்த டெபாசிட் பாதுகாப்பு பொருந்தாது. நம் பிள்ளைகள் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் இப்படி ஒரு அறையில்தான். ரொக்கமாகக் கொடுக்காமல் பேங்க் வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

விசாவைக் கவனிக்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், விசாவில் பிரச்சினை, உடனே பணம் கட்டு என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

ஆபத்து என்றால் போலீஸுக்கு 999. நடந்து முடிந்த திருட்டுக்கு 101. மொபைலில் இருந்து 999 அடித்துவிட்டுப் பேச முடியாத நிலை என்றால், பதிவு செய்த குரல் 55 அழுத்தச் சொல்லும்போது அதை அழுத்த வேண்டும். இங்கிலீஷ் தடுமாறினால் 'டமில்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். புகார் கொடுத்ததும் தரும் எண்ணை வாங்கி வையுங்கள், இன்ஷூரன்ஸுக்கு அதுதான் முதலில் கேட்பார்கள்.

போன் பறிப்புதான் புதிதாகப் போகிறவர்களுக்கு அதிகம் நேரக்கூடியது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, வழி தெரியாமல் நடைபாதை ஓரத்தில் மேப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எலக்ட்ரிக் சைக்கிளில் வருகிறவன் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடுவான். கடைச் சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள். கத்தியைக் காட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே ஊரில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இதைச் சொன்னதும் பையன் அங்கேயே அடித்துப் பார்த்தான். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நாற்றுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினைந்து எண்ணையும் எழுதினார். இரண்டு முறை சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார்.